மைக் பிடித்தவரின் அச்சம்: சான் பிரான்சிஸ்கோ பார்களில் நகைச்சுவை இரவுகள்

நகைச்சுவை இரவில் முதலில் மேடையேறுபவரும் கடைசியாக இறங்குபவரும் தொகுப்பாளர்தான். மற்றவர்கள் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ பேசிவிட்டுப் போய்விடலாம். தொகுப்பாளர் இன்னும் சிரிக்கத் தொடங்காத கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டும். அடுத்து வருபவரின் பெயரைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும். ஒருவர் சொதப்பிவிட்டுப் போனால் கவிந்த சோர்வைப் போக்க வேண்டும். பார் என்றால் சுமை இன்னும் கூடும். அங்கே பாதிப்பேர் குடிக்கவும் அரட்டை அடிக்கவும் வந்தவர்கள். நகைச்சுவை அவர்கள் கேட்டு வாங்கியது அல்ல. தன்பாலீர்ப்பாளர்களின் பாரில் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. எதிரே அமர்ந்திருப்பவர் அங்கே வந்திருக்கிறார் என்பதே பல பத்தாண்டுகள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இந்தத் தொழில் வளர்ந்தபோது தொகுப்பாளரின் அவையச்சம் மூன்று கட்டங்களைக் கடந்தது: முதலில் போலீஸ் பயம், அடுத்து வெளியாரின் ஏளனம் குறித்த பயம், பிறகு தன் சொந்தக் கூட்டத்தின் தீர்ப்பு குறித்த பயம்.

1933இல் மதுவிலக்கு நீங்கியதும் நகரின் நார்த் பீச் பகுதியில் கேளிக்கை விடுதிகள் பெருகின. பிராட்வே தெருவில் 1936இல் தொடங்கிய ஃபினோக்கியோஸ், பெண் வேடமிட்ட ஆண்களின் ஆட்டபாட்டத்துக்குப் பெயர்பெற்றது. அதே தெருவில் இருந்த மோனாஸ் 440 கிளப்பில், ஆண் உடையில் பாடிய பெண்கள் மேடையேறினர்; கிளாடிஸ் பென்ட்லி 1940களில் அங்கே பாடினார். இரண்டுக்கும் சுற்றுலாப் பயணிகள் திரண்டு வந்தனர். வேடிக்கை பார்க்க வந்த வெளியாருக்காக நடந்த நிகழ்ச்சிகள் என்பதால், கூட்டமும் மேடையும் ஒரே சமூகம் என்ற நிலை அங்கே முழுமையாக உருவாகவில்லை.

அந்த நிலை மான்ட்கோமரி தெரு 710ஆம் எண்ணில் இருந்த பிளாக் கேட் பாரில் உருவானது. இரண்டாம் உலகப்போரில் பணியாற்றித் திரும்பிய ஹோசே சாரியா அங்கே பணியாளராகச் சேர்ந்தார். மேசைகளுக்கு மது கொண்டுபோகும்போதே பாடத் தொடங்கியவர், 1950களில் அந்த பாரின் முதன்மைக் கலைஞராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பிரபல ஓபராக்களைக் கேலியாக மாற்றித் தனியாளாக நடித்தார். அவருடைய ‘கார்மென்’ ஸ்பெயினில் நடக்கவில்லை. நாயகி சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கப் புதர்களில், ஒழுக்கக் காவல் பிரிவுப் போலீசாரிடமிருந்து தப்பித்து ஓடினாள். கூட்டத்தில் இருந்த பலருக்கும் அது கற்பனைக் கதையாகத் தோன்றியிருக்காது.

அன்றைய சட்டம் அப்படி இருந்தது. மாநில அதிகாரிகள் பிளாக் கேட்டின் மது உரிமத்தை இடைநிறுத்தியபோது உரிமையாளர் சோல் ஸ்டவுமன் நீதிமன்றம் போனார். தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிறார்கள் என்பதை மட்டும் காரணமாக வைத்து உரிமத்தைப் பறிக்க முடியாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. ஆனால் 1955இல் அமைக்கப்பட்ட மாநில மதுக் கட்டுப்பாட்டுத் துறை, சாதாரண உடையில் ஆட்களை அனுப்பி ஆதாரம் தேடும் வழியைப் பிடித்தது. எதிர்பாலினத்தவரின் உடை அணிவதைத் தடுத்த 1863ஆம் ஆண்டு நகரச் சட்டமும் நடைமுறையில் இருந்தது; 1974இல்தான் அது நீக்கப்பட்டது. ஏமாற்றும் நோக்கத்தோடு வேடமிட்டதாகக் குற்றம் சாட்டிவிடக் கூடாது என்பதற்காக, ‘நான் ஒரு பையன்’ என்று எழுதிய அட்டைகளை வேடமிட்டவர்கள் குத்திக்கொள்ளும்படி சாரியா விநியோகித்தார். எதிராளியின் வாதத்தை அவன் வாயிலிருந்தே பிடுங்கும் நகைச்சுவை அது.

பார் தொகுப்பாளரின் வேலை இன்னதென்று வரையறுத்தவராக சாரியாவைக் கொள்ளலாம். சிரிக்கவைப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. கைதானவர்கள் பயந்துபோய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், ஜூரி விசாரணை கேட்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். நிகழ்ச்சி முடிவில் எல்லோரையும் கைகோத்து நிற்கச் செய்து, பிரிட்டன் நாட்டு வாழ்த்து மெட்டில் அமைந்த கேலிப் பாட்டைப் பாடவைத்தார். அறிவிப்பு, எச்சரிக்கை, ஆறுதல் மூன்றும் மைக் பிடித்தவரிடமே வந்து சேர்ந்தன.

இந்தச் சூழல் மேடைப் பேச்சின் இலக்கணத்தையும் மாற்றியது. பொதுவான காமெடி கிளப்பில் தொகுப்பாளர் முன்வரிசையில் ஒருவரைப் பிடித்து, பெயர் என்ன, ஊர் எது, என்ன வேலை என்று கேட்டே அரைமணி நேரத்தை ஓட்டிவிடுவார். தன்பாலீர்ப்பாளர்களின் பாரில் அந்தக் கேள்விகள் ஒருவரின் பிழைப்பையே கெடுக்கக்கூடியவை. 1961 செப்டம்பரில் டே-புஷ் இன் என்ற கடையில் போலீசார் புகுந்து 103 பேரைக் கைதுசெய்தபோது, நாளிதழ்கள் அவர்களுடைய பெயர்களையும் வேலைகளையும் அச்சிட்டன. பள்ளி ஆசிரியரோ அரசு ஊழியரோ வேலையை இழக்க அது போதும். ஆகவே கேலி செய்ய வேண்டியிருந்தால் தன்னையே கேலி செய்துகொள்வதும், அதிகாரத்தைக் கேலி செய்வதுமே பாதுகாப்பான வழிகள்.

அதே 1961இல் சாரியா நகர நிர்வாக மன்றத் தேர்தலில் நின்றார். தன்பாலீர்ப்பை மறைக்காமல் அமெரிக்காவில் பொதுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் வேட்பாளர் அவரே. சுமார் 5,600 வாக்குகள் பெற்றுத் தோற்றார். ஆனால் தங்களுக்கென ஒரு வாக்குவங்கி உண்டு என்பது வெளிப்பட்டது. 1963 அக்டோபர் இறுதியில் பிளாக் கேட் மது உரிமத்தை இழந்து, அடுத்த ஆண்டு மூடப்பட்டது.

இதற்கிடையே சில தெருக்கள் தள்ளி ஸ்டாண்ட்-அப் காமெடி புது வடிவம் எடுத்துக்கொண்டிருந்தது. ஹங்ரி ஐ கிளப்பில் மார்ட் சாலும், பர்பிள் ஆனியனில் ஃபிலிஸ் டில்லரும் 1950களில் பெயர் வாங்கினர். மோனாஸ் இருந்த அதே 440ஆம் எண்ணில் பின்னர் நடந்த ஆன்ஸ் 440 கிளப்பில் லென்னி புரூஸ் 1958இல் மேடையேறினார். ஆனால் 1970களில் காமெடி கிளப்புகள் பெருகியபோது, தன்பாலீர்ப்பாளர்கள் அங்கே பெரும்பாலும் கேலிப்பொருளாகவே இருந்தனர். அந்தக் கிளப்புகளில் ஒருவர் தன்னை வெளிப்படுத்திக்கொண்டு பேசினால், அடுத்த வாய்ப்பு கிடைக்குமா என்பதே சந்தேகம். 1979இல் நகைச்சுவைக் கலைஞர் ராபின் டைலர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட பெண்ணாகத் தேசியத் தொலைக்காட்சியில் தோன்றியது அரிதான விதிவிலக்கு.

தங்களுக்கான மேடையைத் தாங்களே கட்டிக்கொள்ளும் முயற்சி 1980களின் முற்பகுதியில் பலித்தது. ஹாங்க் வில்சனும் ரான் லான்சாவும் மிஷன் பகுதியில், ஒரு காலத்தில் பிணங்களைப் பதப்படுத்திய கட்டடத்தில், வாலென்சியா ரோஸ் என்ற கஃபேயைத் திறந்தனர். அங்கே யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசும் நகைச்சுவை இரவுகள் நடந்தன. டாம் அமியானோ, மார்கா கோமஸ், லீ டிலாரியா போன்றவர்கள் அதில் வளர்ந்தனர். புகழ்பெறுவதற்கு முன் ஹூப்பி கோல்ட்பர்க்கும் அந்த மேடையில் தோன்றினார். அமியானோ அடிப்படையில் பள்ளி ஆசிரியர். தன்பாலீர்ப்பு ஆசிரியர்களின் உரிமைக்காக 1970களில் வில்சனோடு சேர்ந்து போராடியவர்.

போலீஸ் பயம் குறைந்த இந்தக் கட்டத்தில் மேடையேறியவர்களை வேறு வகை நடுக்கம் பிடித்துக்கொண்டது. வெளியார் கூட்டத்தில் ஒரு ஜோக் எடுபடாவிட்டால், அவர்களுக்குப் புரியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தன் கூட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது. சிறிய சமூகம் என்பதால், முன்வரிசையில் பழைய காதலர் இருப்பார். பெண்களைப் பற்றிய மலிவான ஜோக்கைப் பொறுக்காத பெண்கள் இருப்பார்கள். 1981 முதல் எய்ட்ஸ் பரவியபோது இந்தச் சுமை பலமடங்கானது. நோயைப் பற்றிப் பேசினால் மனம் புண்படும். பேசாவிட்டால் எல்லோர் மனத்திலும் இருப்பதை மறைத்ததாகும். நிதி திரட்டும் அறிவிப்பையும் சிரிப்பையும் அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சாரியாவின் காலத்துப் பொறுப்புகள் அப்படியே மீண்டன.

வாலென்சியா ரோஸ் சில ஆண்டுகளே நீடித்தது. அதன் தொடர்ச்சியாக, காஸ்ட்ரோ பகுதியில் ஜோசீஸ் கேபரே அண்ட் ஜூஸ் ஜாயின்ட் 1990இல் தொடங்கி 1999 வரை நடந்தது. அங்கிருந்து தொலைக்காட்சிக்கு வழி திறந்தது. 1993இல் டிலாரியா ஆர்செனியோ ஹாலின் நிகழ்ச்சியில் தோன்றினார். அதே ஆண்டு காமெடி சென்ட்ரல் ஒளிபரப்பிய ‘அவுட் தேர்’ என்ற சிறப்பு நிகழ்ச்சியைத் தொகுத்தும் வழங்கினார். நியூயார்க் கலைஞரான பாப் ஸ்மித் 1994இல் ‘டுநைட் ஷோ’வில் இடம்பெற்றார். அமியானோ அதே ஆண்டு, சாரியா 33 ஆண்டுகளுக்கு முன் தோற்ற அதே நகர மன்றத்துக்குத் தேர்வானார். 2008இல் மாநிலச் சட்டமன்றத்துக்கும் போனார். கூட்டத்தை ஒன்றுசேர்த்துப் பேசவைக்கும் பயிற்சி அரசியலுக்கும் உதவியது.

லண்டனிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. ராயல் வாக்ஸ்ஹால் டாவர்னில் பால் ஓ’கிரேடி, லில்லி சாவேஜ் என்ற பெண் வேடத்தில் 1980களில் நிகழ்ச்சி நடத்தினார். 1987இல் போலீசார் எய்ட்ஸ் பீதியில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோதும் மேடையில் இருந்தவர் அவரே. அந்தக் கட்டடம் 2015இல் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சான் பிரான்சிஸ்கோவில் தனி அரங்குகள் மூடப்பட்டாலும் பார்களில் நகைச்சுவை இரவுகள் தொடர்கின்றன. கைதாகும் பயம் இப்போது அந்நகரத் தொகுப்பாளருக்கு இல்லை. ஆனால் யாரையும் அம்பலப்படுத்தாமல் பேசுவது, சிரிப்பின் குறியைத் தன்மீதோ வலியவர்மீதோ வைப்பது, நிகழ்ச்சிக்கிடையே ஊர்ச் செய்தியையும் உதவி வேண்டுகோளையும் சொல்வது ஆகிய பழக்கங்கள் அந்தக் காலத்திலிருந்து வந்தவை. அந்தச் சமூகத்தைச் சேராத ஒருவர் அங்கே மைக் பிடிக்கும்போது அவரும் இந்த அளவுகோல்களாலேயே எடைபோடப்படுகிறார்.