கீல்வாத உணவுமுறை

கீல்வாதம் என்பது குருதியில் யூரிக் அமிலம் மிகுவதால் மூட்டுக்களில் யூரேட்டுப் படிகங்கள் படிந்து, கடும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் நோயாகும். பெரும்பாலும் கால் பெருவிரலின் அடி மூட்டே முதலில் தாக்கப்படுகிறது. தமிழில் மூட்டுநோய்கள் பலவற்றையும் கீல்வாதம் எனப் பொதுவாக அழைப்பதுண்டு. இக்கட்டுரை கௌட் எனப்படும் நோயை மட்டுமே குறிக்கிறது.

உணவின் பங்கு

பியூரின் எனும் வேதிப்பொருள் சிதைவுறும்போது இறுதியில் யூரிக் அமிலம் தோன்றுகிறது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உடலிலேயே உருவாவது. எஞ்சியதே உணவால் வருவது. எனவே பத்தியத்தால் மட்டும் குறையக்கூடியது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவேயாகும். சிகிச்சையின் இலக்கோ 6 மில்லிகிராமுக்குக் கீழ். பத்தியத்தை நம்பி அலோபியூரினால் போன்ற மருந்தைத் தாமாக நிறுத்துவோருக்கு நோய் திரும்புவதும், நாளடைவில் மூட்டுக்கள் சிதைவதும் இதனாலேயே.

குறைக்க வேண்டியவை

ஈரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்பு இறைச்சிகளிலும், நெத்திலி, மத்தி போன்ற மீன்களிலும் பியூரின் மிகுதி. உலர்த்திய நெத்திலிக் கருவாட்டில் அது மேலும் செறிந்திருக்கும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, இறால் ஆகியவற்றையும் அளவோடு உண்ணல் வேண்டும். மதுவகைகளுள் பீர் குறிப்பாகத் தீங்கானது. அதில் பியூரினும் உண்டு, அதன் ஆல்ககால் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதையும் தடுக்கிறது. இனிப்பூட்டிய குளிர்பானங்களில் பியூரின் இல்லை. எனினும் அவற்றிலுள்ள புரக்டோசு கல்லீரலில் சிதையும்போது யூரிக் அமிலம் பெருகுகிறது. இது பலர் அறியாதது.

பருப்பு வகைகள்

நோயாளிகள் பருப்பு, கீரை, காளான் ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும் என்பது நெடுநாளைய அறிவுரை. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004 இல் வெளியான ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. இறைச்சியும் கடலுணவும் நோய் வாய்ப்பை உயர்த்தின. பியூரின் மிகுந்த தாவர உணவுகள் உயர்த்தவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருட்களை மிகுதியாக உட்கொண்டோரிடம் நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆகவே மரக்கறி உண்போர் சாம்பாரைக் கைவிட்டுப் புரதக் குறைவுக்கு ஆளாகத் தேவையில்லை. கொழுப்பு நீக்கிய மோரும் ஏற்றதே.

நீரும் நோன்பும்

போதிய நீர் அருந்துதல் சிறுநீரகக் கல் உண்டாவதைக் குறைக்கும். இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உடையோர் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். உடல் பருமனைக் குறைப்பது நன்மை தரும். ஆனால் படிப்படியாகவே குறைக்க வேண்டும். கடும் பட்டினியின்போது உண்டாகும் கீட்டோன்கள் யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுப்பதால், நோன்பைத் தொடர்ந்து திடீரென வலி தோன்றக்கூடும்.