விலை குறைத்தாலும் விற்காத வீடு

எங்க சித்தூர், திருப்பதிப் பக்கம் ஒரு வீடு விற்கவில்லை என்றால் முதலில் வாஸ்து சரியில்லை என்பார்கள். அப்புறம் விலை ஜாஸ்தி என்பார்கள். இரண்டையும் சரிசெய்த பிறகும், வந்த பார்ட்டி பத்திர ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போனவர் போனே எடுக்கவில்லை என்றால், கோளாறு வாசலில் இல்லை, சர்வே நம்பரில்.

திருப்பதியில் என் பெரியப்பா மகன் வீடு நாலு வருஷமாக இப்படித்தான் நிற்கிறது. பெண் கல்யாணத்துக்காக விற்க நினைத்தார். கல்யாணம்தான் தள்ளிப்போகிறது. வில்லங்கச் சான்றிதழ் சுத்தம். ஆனால் நம்பர் 22-ஏ பட்டியலில் இருக்கிறது.

அதென்ன 22-ஏ? இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1801-ல் வட ஆற்காடு கம்பெனி கைக்கு வந்தபோது திருமலைக் கோயில் நிர்வாகமும் கூடவே வந்தது. 1843-ல் அதை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தார்கள். 1933-ல் தேவஸ்தானக் கமிட்டி வரும்வரை, தொண்ணூறு வருஷம், அவர்கள் ராஜ்ஜியம்தான். கோயிலுக்குத் தனியாக, மடத்துக்குத் தனியாக இனாம் நிலங்கள். 1956 இனாம் ஒழிப்புச் சட்டத்தில் சில நிலத்துக்கு ஸ்தாபனத்தின் பேரிலேயே பட்டா. சிலவற்றில் குத்தகைதாரருக்கும் பங்கு. அதற்குள் ஊர் வளர்ந்துவிட்டது. வயல் மனையாகி, மனை மாடி வீடாகி, ஒவ்வொரு கைமாற்றமும் ஒழுங்காகப் பதிவும் ஆனது. பதிவு என்பது பத்திரத்துக்குத்தானே, உரிமைக்கு அல்லவே! பி.காம்.மில் படித்தது, பேங்கில் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

1999-ல் ஆந்திரா பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2005-ல் ராஜஸ்தானின் இதே மாதிரிப் பிரிவை உச்சநீதிமன்றம் ரத்து செய்ய, 2007-ல் ஆந்திரா தன் பிரிவைப் புதிதாக எழுதிக்கொண்டது. அரசு நிலம், ஏழைகளுக்கு ஒப்படைத்த நிலம், அறநிலைய, வக்ஃப் நிலம் இதெல்லாம் பட்டியலில் இருந்தால் பதிவு கிடையாது. நோக்கத்தில் குறை சொல்லமாட்டேன். கோயில் சொத்தை யார் காப்பாற்றுவது? ஆனால் பட்டியலில் ஒரு சர்வே நம்பர் முழுசாக ஏறினால் உட்பிரிவில் இருக்கிற நியாயமான வீடும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது.

இன்னொரு வேடிக்கை, சுக்கல பூமுலு. வெள்ளைக்காரன் காலத்து ரீசெட்டில்மென்ட் ரிஜிஸ்டரில் உரிமையாளர் தெரியாத இடங்களில் பேருக்குப் பதில் புள்ளி வைத்தார்கள். புள்ளி வைத்தவர் போய்ச்சேர்ந்துவிட்டார், புள்ளி இருக்கிறது :-) அதைச் சரிசெய்ய 2017-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்த மாதிரி வீட்டுக்கு விலையைக் குறைப்பது வீண். கடன் வாங்கி வாங்குகிறவருக்கு பேங்க் வக்கீல் லீகல் ஒப்பீனியன் தரமாட்டார். ரொக்கக்காரர் பாதி விலைக்கு அக்ரிமென்ட் மட்டும் கேட்பார். அண்ணனிடம் அதற்கு மட்டும் தலையாட்டாதே என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போ பட்டியலில் இருந்து நீக்க மனு போட்டுவிட்டு, 1950களின் பட்டா நகலைத் தேடுகிறார். கைவசம் இருக்கும் மூலப்பத்திரம் தமிழில். வாங்க வந்த பையனுக்குத் தெலுங்குதான் படிக்கத் தெரியும், மொழிபெயர்ப்பும் வேண்டும். தேடுவதிலும் சிக்கல். அந்த மண் 1911 வரை வட ஆற்காடு, 2022 ஏப்ரல் வரை சித்தூர், இப்போ திருப்பதி மாவட்டம். எந்தக் கட்டு எந்த ரெக்கார்டு ரூமில் என்று போன வாரம்தான் ஒரு ரிட்டையர்டு சர்வேயரைப் பிடித்திருக்கிறார்.