விடுதலைக்கு மறுநாள்

இத்தாலியின் துரின் நகரில் தூக்குமரம் நின்ற இடத்துக்கு 'ரொந்தோ தெல்லா ஃபோர்கா' என்று பெயர். தூக்குமர வட்டம் என்று நம் மொழியில் சொல்லலாம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மரண தண்டனை பெற்றவர்களை நகரத் தெருக்களின் வழியே வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோவார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரளும். வண்டியில் தண்டனைக் கைதிக்குப் பக்கத்தில், சிலுவையைக் கையில் பிடித்தபடி, முதுகெலும்பு வளைந்த குள்ளமான குருவானவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஜூசெப்பே கஃபாசோ என்பது அவர் பெயர். அப்படி 57 பேருக்குக் கடைசி மணி வரை துணையாகப் போயிருக்கிறார். இன்று அதே வட்டத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

சென்ற வாரம் நாம் லண்டன் நியூகேட் சிறையில், கைதிகளுக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரை அம்மையாருடன் இருந்தோம். இந்த வாரம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, துரின் இருக்கும் பீட்மாண்டுக்கு வந்திருக்கிறோம். காரணம், கஃபாசோவின் மாணவர் ஒருவர். 1841 ஜூன் 5-ஆம் நாள் குருப்பட்டம் பெற்று, அந்த ஆண்டு நவம்பரில் மேற்படிப்புக்காகக் கஃபாசோவிடம் வந்து சேர்ந்தார். அப்போது வயது 26. இரண்டு வயது நிரம்புமுன்னே தகப்பனை இழந்து, தாய் மார்கரீத்தாவின் உழைப்பில் வளர்ந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. ஜொவான்னி போஸ்கோ. உலகம் அவரைத் தொன் போஸ்கோ என்று அறியும். இத்தாலியில் குருவானவரைத் 'தொன்' என்று அழைப்பது வழக்கம்.

கஃபாசோ இந்த இளம் குருவைச் சிறைக்கு அழைத்துப் போனார். கைதிகளுக்கு அவர் மூக்குப்பொடியும் தின்பண்டமும் கொண்டுபோவார், உட்கார்ந்து பேசுவார், பாவசங்கீர்த்தனம் கேட்பார். போஸ்கோவின் கண்ணில் பட்டதோ வேறு. பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பையன்கள். ஓடியாட வேண்டிய உடம்புகள் ஒரு வேலையுமின்றிப் பூச்சிக்கடியில் முடங்கிக் கிடந்தன. தேர்ந்த குற்றவாளிகளோடு ஒரே அறையில் அடைபட்டிருந்தார்கள். திருடத் தெரியாமல் உள்ளே வந்தவனும் தெரிந்துகொண்டு வெளியே போகிற இடம் அது.

இந்தப் பையன்கள் யார்? பெரும்பாலும் மலையோரக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்கள். துரின் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புச் சட்டி தூக்க, கல் உடைக்க, புகைபோக்கிக்குள் நுழைந்து கரி சுரண்ட, சின்னக் கைகள் வேண்டியிருந்தன. வேலை நின்றுபோனால் கூலியில்லை, கூலியில்லாவிட்டால் படுக்க இடமில்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் ஒரு ரொட்டியைத் திருட எத்தனை நாள் பசி வேண்டும்?

முப்பது ஆண்டுகளுக்குப் பின், திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் கேட்டுக்கொண்டதால், போஸ்கோ தம் நினைவுகளை எழுதினார். தாம் நிறுவிய சலேசிய சபையினருக்காக எழுதிய அந்த ஏடு 1946-இல்தான் அச்சேறியது. சிறைக்குப் போன அந்த நாட்களைப் பற்றி அதில் அவர் எழுதியிருப்பதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பையன்கள் திருந்துவதாக உறுதி சொல்லிக்கொண்டு வெளியே போகிறார்கள், சில நாட்களிலேயே அதே சிறைக்குத் திரும்பி வருகிறார்கள். ஏன்? வெளியே அவர்களுக்கென்று ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிவைத்துப் பேச, வேலை பார்த்துக் கொடுக்க, எப்படியிருக்கிறாய் என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால் இவர்கள் திரும்பி வந்திருப்பார்களா? இந்தக் கேள்விதான் அவரைச் சிறைக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தது. கைதியின் ஆன்மாவைத் தேற்றச் சிறைக்குப் போன குருக்கள் அவருக்கு முன்னும் பலர் உண்டு. விடுதலைக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்று பார்த்ததுதான், என் பார்வையில், இவருடைய பெரிய காரியம்.

சிறை அவரை எவ்வளவு உலுக்கியது என்பதற்கு இன்னொரு செய்தி உண்டு. 1846-இல் அலெஸாந்திரியா ஊரில், அவருக்குப் பழக்கமான 22 வயது இளைஞன் ஒருவனைத் தூக்கிலிட்டார்கள். துணைக்குப் போன போஸ்கோ தூக்குமரம் கண்ணில் பட்டதுமே மயங்கி விழுந்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். கஃபாசோவின் நெஞ்சுரம் அவருக்கு இல்லை. அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி முதல் ஆண்டுக்கே திரும்புவோம். 1841 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். துரினில் உள்ள அசிசி புனித பிரான்சிஸ் ஆலயத்தில் பூசைக்காக போஸ்கோ திருவுடை அணிந்துகொண்டிருக்கிறார். திருவுடை அணியும் அறையின் ஓரத்தில் ஒரு பையன் வந்து நிற்கிறான். பூசை உதவி செய்யத் தெரியுமா என்று கோயில்பிள்ளை கேட்கிறார். தெரியாது என்றதும் விளக்குமாற்றுக் கம்பால் அடித்து விரட்டுகிறார். "அவன் என் சிநேகிதன், கூப்பிடுங்கள்" என்கிறார் போஸ்கோ. பர்த்தொலொமேயோ கரெல்லி, பதினாறு வயது, ஆஸ்தி ஊர்க்காரன், கொத்து வேலை செய்பவன். அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. பூசை முடிந்ததும் அவனுக்கு முதல் ஞானோபதேசம் நடந்தது. அடுத்த ஞாயிறு அவன் தன் கூட்டாளிகளோடு வந்தான்.

கூட்டம் பெருகப் பெருக அதற்கு இடம் கிடைக்கவில்லை. பரோலோ சீமாட்டி கொஞ்ச காலம் இடம் தந்தார். துரின் பெண்கள் சிறையைச் சீர்திருத்தப் பாடுபட்ட பெருமாட்டி அவர். பிறகு ஒரு கல்லறைத் தோட்டத்து ஆலயம், ஒரு மாவு மில்லின் பக்கம், வாடகை அறைகள், கடைசியில் வெட்டவெளிப் புல்தரை. ஞாயிறுதோறும் நூற்றுக்கணக்கான கூலிக்காரப் பையன்கள் ஒரு குருவின் பின்னால் ஊர்வலமாகப் போனால் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வராதா? நகர நிர்வாகத்தைக் கவனித்த கவூர் பிரபு இதைக் கலகக் கூட்டமென்றே எண்ணினார். பிற்காலத்தில் இத்தாலியை ஒன்றிணைத்த கவூரின் தகப்பனார் அவர். 1846 ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறன்று வால்தோக்கோ பகுதியில் பினார்தி என்பவருடைய தாழ்வான கொட்டகை கிடைத்தது. தூக்குமர வட்டத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.

அந்த ஆண்டு கோடையில் போஸ்கோ சாகக் கிடந்து பிழைத்தார். நவம்பர் 3-ஆம் நாள் ஊரிலிருந்து துரினுக்கு நடந்தே திரும்பினார், கூடவே தாயும் வந்தார். மார்கரீத்தாவுக்கு அப்போது 58 வயது. பேரப்பிள்ளைகளோடு ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில், முன்பின் தெரியாத பையன்களுக்குக் கஞ்சி காய்ச்சவும் கிழிசல் தைக்கவும் வந்தார். தம் கலியாணத்து நகையையும் விற்றார்.

தங்க இடம் கொடுத்த முதல் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விடிவதற்குள் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அதோடு கதவைச் சாத்தியிருப்பார்கள். 1847 மே மாதம், கொட்டும் மழையில் இன்னொரு பையன் வந்து நின்றான். வால்சேசியா பள்ளத்தாக்கிலிருந்து வந்த அநாதை. கொண்டுவந்த மூன்று லீரா செலவாகிவிட்டது, வேலையும் கிடைக்கவில்லை. இவன் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று மார்கரீத்தாவுக்குப் பயம். பயந்துகொண்டேதான் படுக்கை போட்டார். வெளியே கிடந்த செங்கல்லை அந்தப் பையனோடு சேர்ந்து பொறுக்கி, நான்கு திண்டு அடுக்கி, மேலே பலகை போட்டார். அவன் கண்ணயருமுன் உழைப்பு, நேர்மை, கடவுள் என்று நாலு வார்த்தை சொன்னார். பிறகு அடுப்படிக் கதவைப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்தார். சலேசியர் நடத்தும் விடுதிகளில் இன்றும் பிள்ளைகளுக்கு இரவில் தூங்கப் போகுமுன் ஒரு சின்ன உரை சொல்கிறார்கள். அது அந்தச் செங்கல் கட்டிலிலிருந்து வந்தது.

படுக்கை கொடுத்தாயிற்று, வேலை? இங்கேதான் போஸ்கோ ஒரு காகிதத்தைக் கையில் எடுத்தார். 1844-இல் பீட்மாண்ட் அரசு பழைய தொழிற்குழாம்களைக் கலைத்துவிட்டது. அவற்றோடு, தொழில் பழக வரும் பையனுக்கு இருந்த கொஞ்சநஞ்சக் காப்பும் போயிற்று. முதலாளி வைத்ததே சட்டம். தொழில் கற்க வந்தவன் கடைக்கும் வீட்டுக்கும் எடுபிடியானான், அடியும் வாங்கினான். போஸ்கோ பட்டறை முதலாளிகளிடம் போய், பையன் பேரில் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். 1851, 1852-ஆம் ஆண்டுகளில் எழுதிய அத்தகைய ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு தச்சருடன் செய்தது முத்திரைத்தாளில் எழுதியது. தொழிலைத் தவிர வேறு வேலை வாங்கக் கூடாது. தப்பு செய்தால் வாயால் திருத்த வேண்டும், கை நீட்டக் கூடாது. ஞாயிறும் திருநாளும் ஓய்வு. ஆண்டில் 15 நாள் விடுமுறை. கூலியை வாரந்தோறும் தர வேண்டும், காலம் போகப் போக உயர்த்த வேண்டும். பையன் பணிவாகவும் ஒழுங்காகவும் இருப்பதாக ஒப்புக்கொள்ள, தகப்பன் சேதத்துக்குப் பொறுப்பேற்க, எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதலாளி வைத்ததே சட்டமாக இருந்த காலத்தில், தெருவில் கிடந்த பையன் ஒரு பத்திரத்தில் தன் பேரைப் பார்த்தான். அவனுக்கு நடந்த எல்லாவற்றிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிச்சையை வாங்கிக்கொண்டவன் தலைகுனிந்து போக வேண்டும். ஒப்பந்தம் போட்டவன் நிமிர்ந்து நின்று கூலி கேட்கலாம்.

வெளிப் பட்டறைகளின் சூழல் சரிப்படாததால், 1853 முதல் சொந்தமாகவே செருப்புத் தைக்கும் பட்டறை, தையற்கூடம், பிறகு புத்தகக் கட்டுமானம், தச்சு, அச்சகம், கொல்லுப்பட்டறை என்று ஒவ்வொன்றாக வால்தோக்கோவிலேயே தொடங்கினார்.

இளம் குற்றவாளிகளுக்கென்று துரின் புறநகரில் 1845-இல் திறந்த சீர்திருத்தச் சிறை ஒன்று இருந்தது. 'ஜெனராலா' என்று பெயர். 1855-இல் அங்கே தியானம் நடத்திய போஸ்கோ, அத்தனை பையன்களையும் ஒரு காவலர்கூட இல்லாமல் ஸ்துபினீஜிக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போய், ஒருவன் குறையாமல் மாலையில் திரும்ப அழைத்து வந்தார் என்று ஒரு கதை உண்டு. அனுமதி கொடுத்தவர் உள்துறை அமைச்சர் உர்பானோ ரத்தாஸி. அதே ஆண்டு துறவற மடங்களை மூடச் சட்டம் கொண்டுவந்தவரும் இவர்தான். இந்தப் பயணம் சொல்லப்படுகிறபடியே நடந்ததா என்று சலேசிய வரலாற்றாசிரியர்களே ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய நேர்மைக்கு என் வணக்கம். மழையில் வந்த பையனின் கதையும் அந்த முத்திரைத்தாளும் எனக்குப் போதும்.

1877-இல் தம் முறையைச் சில பக்கங்களில் எழுதி வைத்தார். தடுப்பு முறை என்று அதற்குப் பெயர். தப்பு நடந்தபின் தண்டிக்கக் காத்திருக்காமல், தப்பு நடக்காதபடி பிள்ளையோடு கூடவே இருப்பது. அறிவு, சமயம், அன்பு மூன்றும் அதற்குத் தூண்கள். அன்பு செய்தால் மட்டும் போதாது, தான் நேசிக்கப்படுவது பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்றும் பிற்காலத்தில் வற்புறுத்தினார். 1878 பிப்ரவரியில், உள்துறை அமைச்சர் கிறிஸ்பிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், அநாதைகள், பெற்றோர் கவனியாதவர்கள், போலீஸ் கையில் சிக்கியும் இன்னும் கெட்டுப்போகாதவர்கள் என்று பிள்ளைகளை வகை பிரித்து, இவர்கள் கூடி விளையாட இடமும் தொழில் பழகப் பட்டறையும் வேண்டும் என்று கேட்டார். சிறைக்குப் போகிற பாதையின் வரைபடம் என்றே அந்தப் பட்டியலைச் சொல்லலாம்.

அவரிடம் வந்த பையன்களில் மிக்கேல் ரூவா ஒருவர். தகப்பனை இழந்த சிறுவன். ஒரு நாள் போஸ்கோ இடது கையை நீட்டி, வலது கையால் அதைப் பாதியாக வெட்டுவதுபோல் காட்டி, "எடுத்துக்கொள்" என்றார். சிறுவனுக்குப் புரியவில்லை. நாம் இருவரும் எல்லாவற்றையும் பாதிப் பாதியாகச் செய்வோம் என்று அர்த்தம் என்று பின்னால் விளக்கினார். 1888 ஜனவரி 31-ஆம் நாள் போஸ்கோ இறந்ததும், சலேசிய சபையின் தலைமை ரூவாவுக்கு வந்தது. மயிலாப்பூர் ஆயர் அழைத்ததன்பேரில், தந்தை தொமாத்திஸ் தலைமையில் ஆறு பேரை ரூவா கப்பலேற்றினார். 1906 ஜனவரியில் அவர்கள் தஞ்சாவூர் வந்து சேர்ந்தார்கள். மொழி தெரியாது, வெயில் பழக்கமில்லை. அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது அநாதைச் சிறுவர்களின் இல்லம் ஒன்று.

அங்கிருந்து சென்னை வியாசர்பாடிக் குடிசைகள் வரை நீளும் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)