உவரும் களரும்

கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையருகே, கழிக்கரையில் உப்புப் பூத்த மண்ணைக் கண்டேன். "இஃது உவரா, களரா, ஐயா?" என வினவினார் உடன்வந்த மாணவர்.

உவர் என்பது உப்புச்சுவையைச் சுட்டுஞ் சொல். உவர்மண்ணால் ஆடை வெளுத்தனர் நம் முன்னோர். களர் என்பது விளைவற்ற நிலம். கல்லாதவரை வள்ளுவர் அதற்கே ஒப்பிட்டார். வழக்கில் இவ்விரண்டும் கலந்தே வழங்கின.

1954இல் அமெரிக்க உவர்நில ஆய்வகம், உப்பு மிகுந்த மண்ணையும் சோடியம் மிகுந்த மண்ணையும் அளவிட்டுப் பிரித்துக் காட்டியது. அவற்றை முறையே உவர், களர் என்கின்றன நம் வேளாண் நூல்கள். நன்னீர் பாய்ச்சி வடித்தால் உவர் நீங்கும். களருக்கோ ஜிப்சமும் இடல் வேண்டும். வெறும் நீரைப் பாய்ச்சினால் களர்மண் இறுகும். உழவர் உழைப்பு வீணாகும்.

"கடலுப்பு ஊறிய இம்மண் உவரே" என்றேன். மாணவ நண்பர்களே, பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்!