தற்காலிக ஆசிரியர்

தற்காலிக ஆசிரியர் என்பவர், ஒரு பள்ளியில் நிரந்தர ஆசிரியர் விடுப்பில் உள்ளபோதோ, பணியிடம் நிரப்பப்படாமல் காலியாக உள்ளபோதோ, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பாடம் நடத்த அமர்த்தப்படும் ஆசிரியர் ஆவார். தமிழ்நாட்டில் இவர்கள் அமர்த்தப்படும் முறையையும் பெறும் ஊதியத்தையும் பொறுத்து, தொகுப்பூதிய ஆசிரியர், மதிப்பூதிய ஆசிரியர், பகுதிநேர ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழக ஆசிரியர் எனப் பல பெயர்களால் அழைக்கப்படுகின்றனர். பேச்சு வழக்கில் 'பி.டி.ஏ. டீச்சர்' என்பதும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் வட்டாரத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பள்ளிகள் இவர்களைப் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

புகழ்பெற்ற ஒரு தற்காலிக ஆசிரியர்

இவ்வட்டாரத்தின் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் ஒரு காலத்தில் தற்காலிக ஆசிரியராக இருந்தவர். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த அரசன் சண்முகனார் விடுப்பில் சென்றபோது, 1904 ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரை அவ்விடத்தில் பாரதியார் பணியாற்றினார். நூறு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட அப்பணி முடிந்ததும் சென்னை சென்று சுதேசமித்திரன் இதழில் உதவியாசிரியரானார். தற்காலிகம் என்ற சொல் பணியிடத்தின் காலத்தைக் குறிப்பதேயன்றி, அதில் அமர்பவரின் தகுதியைக் குறிப்பதன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

தேவை எழும் காரணங்கள்

ஆசிரியர் இடம் வெறுமையாவதற்கு மூன்று காரணங்கள் முதன்மையானவை: ஓய்வு, பணிமாறுதல், நீண்ட விடுப்பு. கல்வியாண்டின் நடுவே ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும் வரை மறுநியமனம் அளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உள்ளதால், முதற்காரணத்தால் வரும் இடையூறு ஓரளவு குறைகிறது. பணிமாறுதல் கலந்தாய்வில் ஒருவர் வெளியேறி, அவ்விடத்தை எவரும் தேர்ந்தெடுக்காதபோது இரண்டாவது சிக்கல் எழுகிறது. நகரத்திலிருந்து தொலைவில், பேருந்து வசதி குறைந்த சிற்றூர்ப் பள்ளிகளே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

மூன்றாவதான நீண்ட விடுப்பில் மகப்பேறு விடுப்பு குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2011 இல் 6 மாதமாகவும், 2016 இல் 9 மாதமாகவும், 2021 சூலை முதல் 12 மாதமாகவும் உயர்த்தப்பட்டது. தாய்க்கும் சேய்க்கும் இன்றியமையாத இவ்வுரிமையைக் குறை கூற இயலாது. ஆனால் விடுப்பில் சென்றவரின் இடம் அவருக்கே உரியது. அது காலியிடம் அன்று. எனவே கலந்தாய்வில் வேறொருவர் அங்கு வர முடியாது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இன் படி, தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை 2 ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும். அதே சட்டத்தின் 26 ஆம் பிரிவு, ஒரு பள்ளியின் காலியிடங்கள் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் குறைந்தாலே அது 50 விழுக்காடு ஆகிவிடும்! ஐந்து வகுப்புகளையும் ஒருவரே கவனிக்க, அவரும் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ சென்றால் பள்ளியைத் திறந்து வைக்கவே ஆள் இராது.

அமர்த்தும் முறைகள்

மிகப் பழக்கமான வழி மாற்றுப்பணி ஆகும். வட்டாரக் கல்வி அலுவலர், அருகிலுள்ள வேறொரு பள்ளியின் ஆசிரியரைச் சில நாட்களுக்கோ மாதங்களுக்கோ அனுப்புவார். செலவில்லாத இம்முறை ஒரு பள்ளியின் பற்றாக்குறையை இன்னொரு பள்ளிக்கு மாற்றுகிறது என்பதே உண்மை. அடுத்தது, பெற்றோர் ஆசிரியர் கழகம் தானே ஒருவரை அமர்த்தி ஊதியம் வழங்குதல்.

அரசே பெரும் எண்ணிக்கையில் அமர்த்திய காலங்களும் உண்டு. 2003 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500 என இருந்தது. 2006 சூன் 1 முதல் இவர்கள் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். 2012 இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், வாரத்துக்கு மூன்று அரை நாட்கள், மாதம் 5,000 ரூபாய் என்ற அளவில் அமர்த்தப்பட்டனர். இத்தொகை 2021 இல் 10,000 ஆகவும் 2024 இல் 12,500 ஆகவும் உயர்ந்தது. பல ஆண்டுகள் மே மாதத்துக்கு இவர்களுக்கு ஊதியம் இல்லை.

2022 சூன் மாதத்தில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு ஆணையிட்டது. இவற்றுள் இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுகலை ஆசிரியர் 3,188. மதிப்பூதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது, பின்னர் உயர்த்தப்பட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றோர் பலர் காத்திருக்கையில் இவ்வாறு அமர்த்துவதை எதிர்த்து வழக்கு தொடரப்பட்டு, சூலை மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றோர், இல்லம் தேடிக் கல்வித் திட்டத் தன்னார்வலர், பள்ளிக்கு அருகில் வசிப்போர் ஆகியோருக்கு முன்னுரிமை தரும் நெறிமுறைகள் அப்போது வகுக்கப்பட்டன.

சட்ட நிலை

உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு வழியாக வராத தற்காலிகப் பணியாளர், நீண்ட காலம் பணியாற்றியதை மட்டும் காட்டிப் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர இயலாது எனத் தீர்ப்பளித்தது. 2016 அக்டோபர் 26 அன்று பஞ்சாப் அரசுக்கும் ஜகஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில், ஒரே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் சம ஊதியக் கொள்கை பொருந்தும் என அதே நீதிமன்றம் கூறியது. நடைமுறையில் முதல் தீர்ப்பே அலுவலகங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பிற இடங்களில்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு நாள் விடுப்புக்குக்கூட மாற்று ஆசிரியர் வருவது வழக்கம். விடுப்பெடுக்கும் ஆசிரியர் அன்றைய பாடத்திட்டத்தை எழுதி வைத்துச் செல்வார். இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் போர்க்காலத்தில் தொண்டர் ஆசிரியர்கள் ஊதியமின்றியோ மிகச் சிறு தொகைக்கோ பள்ளிகளை நடத்தி வந்தனர். நிரந்தர நியமனத்துக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது.

ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் நடத்திய ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 100 ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர் தரப்பட்டார். இரண்டாண்டு முடிவில் அப்பள்ளி மாணவர்கள் பிற பள்ளி மாணவரைவிட மேம்பட்டிருந்தனர். கென்யாவில் எஸ்தர் டூஃப்லோ குழுவினர் நடத்திய ஆய்வும் இத்தகைய முடிவையே தந்தது. ஆனால் அங்கு ஒப்பந்த ஆசிரியர் வந்தபின் நிரந்தர ஆசிரியர்கள் வகுப்புக்கு வருவது குறைந்ததும், சில இடங்கள் அவர்களின் உறவினர்க்கே சென்றதும் தெரியவந்தன. பள்ளிக் குழுவில் உள்ள பெற்றோருக்குப் பயிற்சி அளித்த இடங்களில் இக்குறைகள் குறைவாக இருந்தன. பின்னர் அந்நாட்டு அரசே அத்திட்டத்தை விரிவாக்கியபோது அதே பயன் கிட்டவில்லை.

கரிசல் வட்டாரத்தில்

கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், புதூர் ஆகிய ஒன்றியங்கள் மானாவாரி வேளாண்மையை நம்பியவை. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் ஆகியன வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து விதைக்கப்படுகின்றன. தீப்பெட்டித் தொழிலும் பலருக்கு வாழ்வளிக்கிறது. மழைக்காலத்தில் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொள்ளும்; உள்ளூர்ச் சாலைகளில் சிற்றுந்து நின்றுவிட்டால் நகரத்திலிருந்து வரும் ஆசிரியர் நேரத்துக்கு வர இயலாது. உள்ளூரில் வசிக்கும் தற்காலிக ஆசிரியரின் பெரும் பயன் அப்போதுதான் தெரியும்.

மிளகாய் பழம் எடுக்கும் நாட்களில் எந்தப் பிள்ளை பள்ளிக்கு வராது, எந்தக் குடும்பம் வேலை தேடித் திருப்பூருக்குச் செல்ல உள்ளது என்பதும் உள்ளூராருக்கே முதலில் தெரியும். ஆசிரியர் பட்டயமோ கல்வியியல் பட்டமோ பெற்று, திருமணத்துக்குப்பின் சிற்றூரிலேயே இருக்கும் பெண்கள் பலர் இப்பணிக்கு வருகின்றனர். அவர்களுக்குக் கிடைக்கும் தொகையோ, பெரும்பாலும் நிரந்தர ஆசிரியர் ஊதியத்தில் ஒரு சிறு பங்கே ஆகும்.

பள்ளி செய்ய வேண்டியவை

தற்காலிக ஆசிரியர் பயனளிப்பதும் அளிக்காததும் பெரிதும் முதல் வாரத்தில் முடிவாகிவிடுகிறது. வெறும் வருகைப் பதிவேட்டையும் பாடநூலையும் கையில் கொடுத்து வகுப்புக்குள் அனுப்பினால், எங்கிருந்து தொடங்குவது என்பதறியாமல் அவர் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார். அல்லது மாணவர் சொல்வதை நம்பி நடத்தாத பாடங்களைத் தாண்டிச் செல்வார். இரண்டிலும் ஒரு பருவம் வீணாகும்.

மகப்பேறு விடுப்பு பல மாதங்கள் முன்னரே தெரிந்த ஒன்று. ஆகவே விடுப்பில் செல்பவரும் வருபவரும் சில நாட்களாவது ஒரே வகுப்பில் சேர்ந்திருக்க ஏற்பாடு செய்யலாம். கையளிக்க வேண்டியது பாடக்குறிப்பேடு மட்டுமன்று. நடத்தப்பட்ட பாடம் ஒன்று, மாணவருக்குப் புரிந்த பாடம் வேறொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே குறித்த ஒரு தாள் போதும். 2022 முதல் செயற்படுத்தப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்கநிலை மாணவர் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டனர். எந்த மாணவர் எந்நிலையில் உள்ளார் என்ற பட்டியலின்றி அத்தகைய வகுப்பைப் புதியவர் நடத்த இயலாது.

எந்த வகுப்பைத் தருவது என்பதில் பள்ளிகள் பொதுவான ஒரு பிழை செய்கின்றன. பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பை அனுபவமிக்கவர் வைத்துக்கொள்ள, கீழ்வகுப்பு புதியவரிடம் செல்கிறது. தொடக்கப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பே பெரும்பாலும் புதியவருக்கு. எழுத்தறியும் ஆண்டில் இடையில் ஆசிரியர் மாறினால் ஏற்படும் பின்னடைவு எந்தத் தேர்விலும் உடனே தெரியாது. நான்காம் வகுப்பில்தான் தெரியும். ஒன்றாம் வகுப்பை நிரந்தர ஆசிரியர் எடுத்துக்கொண்டு, ஓரளவு படிக்கத் தெரிந்த நான்காம், ஐந்தாம் வகுப்புகளைப் புதியவரிடம் தருவதே மேல்.

மாணவர் புதிய ஆசிரியரைச் சோதித்துப் பார்ப்பது இயல்பு. தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் அவரை அறிமுகம் செய்து, ஏனைய ஆசிரியரைப் போலவே அவருக்கும் இருக்கையும் பாடவேளை அட்டவணையில் பெயரும் தந்தால் பாதிச் சிக்கல் தீரும். மாணவர் முன்னிலையில் அவரைத் தேநீர் வாங்கவும் படிவம் நகலெடுக்கவும் அனுப்பும் பள்ளியில், வகுப்பு அவருக்கு அடங்காததில் வியப்பில்லை. அடித்து அடக்கலாம் என்ற எண்ணம் அவருக்கும் வரக்கூடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது என்பதை முதல் நாளே தெரிவித்தல் வேண்டும்.

ஊதியம் குறிப்பிட்ட நாளில் கிடைப்பது அதன் அளவைப் போலவே முக்கியமானது. நன்கொடை சேரும்போது தருகிறோம் என்ற வாய்மொழியில் பணிக்கு வருபவர், தனியார் பள்ளியிலோ தீப்பெட்டி ஆலை அலுவலகத்திலோ இடம் கிடைத்ததும் பருவத்தின் நடுவே சென்றுவிடுவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தொகை, கொடுக்கும் நாள், பணி முடியும் நாள் மூன்றையும் மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டில் எழுதி அவருக்கும் நகல் தரலாம். இவர்களில் பலர் தகுதித் தேர்வுக்கும் போட்டித் தேர்வுகளுக்கும் படித்துக்கொண்டிருப்பவர்கள். தேர்வு நாட்களை முன்கூட்டியே கேட்டறிந்தால் அன்றைய வகுப்புக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பணி முடியும்போது, வந்தபோது நடந்த கையளிப்பு திரும்ப நடைபெற வேண்டும். நிரந்தர ஆசிரியர் ஓராண்டுக்குப்பின் திரும்புகையில், எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டத் தொடங்கியது, எது இன்னும் தடுமாறுகிறது என்பது அந்தத் தற்காலிக ஆசிரியரின் குறிப்பிலிருந்துதான் அவருக்குத் தெரியவரும். அவர் பணியாற்றிய காலத்துக்கான சான்றிதழைத் தலைமையாசிரியர் அன்றே வழங்குதல் நன்று. பின்னர் அதற்காக அவர் பலமுறை பள்ளிக்கு நடக்க வேண்டியிராது.