நூல்வழி வந்த குழந்தை வளர்ப்பு

பாட்டியிடம் கேட்டறிந்த குழந்தை வளர்ப்பை அச்சுநூலிடம் கற்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வேரூன்றிற்று. அந்நாட்டரசின் சிறுவர் பணியகம் 1914இல் குழந்தைப் பராமரிப்பு பற்றிய கைநூலொன்றை வெளியிட்டது. தாய்மார் தம் ஐயங்களைக் கடிதமாக அப்பணியகத்துக்கே எழுதலாயினர். 1928இல் உளவியலாளர் ஜோன் வொட்சன், பிள்ளைகளை அணைத்தலும் முத்தமிடுதலும் கூடா, காலையிற் கைகுலுக்கினாற் போதும் என அறிவுறுத்தினார். தாயன்பையே ஆபத்தெனக் கண்ட இந்நூலையும் பலர் விரும்பிப் படித்தனர் என்பது விந்தையே.

1946இல் வெளிவந்த மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக்கின் நூல் இதற்கு நேர்மாறானது. தாய் தன் இயல்பறிவை நம்பலாம் என்றே அது தொடங்கிற்று. எனினும் அதன் 1958ஆம் ஆண்டுப் பதிப்பு, மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சடைக்கக்கூடும் எனக் கருதி, குப்புறக் கிடத்துதலே நன்றென்றது. காரணம் பொருத்தமாகவே தோன்றிற்று; சான்றுதான் இருக்கவில்லை. குப்புறக் கிடத்தலுக்கும் திடீர்ச் சிசு மரணத்துக்குமுள்ள தொடர்பைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அவ்வறிவுரைப்படி நடந்த தாய்மார் கவனமற்றவரல்லர், ஊன்றிப் படித்தவர்கள். குழந்தைகளை மல்லாக்கக் கிடத்தும் இயக்கம் அமெரிக்காவில் 1994இல் தொடங்கியது. அதன்பின் அம்மரணங்கள் பெருமளவு குறைந்தன.