வாய்வறட்சியும் ஓர் இலையின் வரலாறும்

உணவின் சுவையை நாவிற்கு உணர்த்துவதும், விழுங்குதற்குத் துணைநிற்பதும், பற்களைக் காப்பதும் உமிழ்நீரே. அதன் அருமை அது வற்றிய பின்னரே புலனாகின்றது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் வேரூன்றிய ஈழத்தில் வாய்ப்புற்றுநோய் ஆடவரிடையே மிகுந்து காணப்படுகின்றது. புகையிலை சேராத தாம்பூலமும் இந்நோயை விளைக்கும் என உலக சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூல் உறுதிசெய்தது. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய பகுதிகளின் நோயாளருக்கு அண்மையிலுள்ள பெரும் புகலிடம் மகரகமை அபேக்ஷா மருத்துவமனை. ஆங்கு நோயை அழிக்கச் செலுத்தப்படும் கதிர், அருகிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்குமாயின் வாய் வறள்கின்றது.

இவ்வறட்சிக்கு மருந்தளித்த மூலிகையின் வரலாறு வியத்தற்குரியது. ஜபொராண்டி என்னும் செடியின் இலை வாய்நீரைப் பெருக்குதலைப் பிறேசில் நாட்டுப் பழங்குடியினர் அறிந்திருந்தனர். 1874 அளவில் கூற்றினோ என்ற பிறேசில் மருத்துவர் அவ்விலையைப் பாரிசு மருத்துவருக்கு அறிமுகஞ்செய்தார். 1875 இல் பாரிசில் ஆர்டியும் இலண்டனில் ஜெராட்டும் தனித்தனியே அதன் சத்தாகிய பைலோகார்பினைப் பிரித்தெடுத்தனர். றொன்ட்கன் எக்ஸ்கதிரைக் கண்டதோ 1895 இலேதான். எனவே ஊறு தோன்றுதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே மருந்து தோன்றிவிட்டது. எனினும் நெடுங்காலம் கண்ணழுத்த நோய்க்கே அது பயன்பட்டது. கதிர்ச்சிகிச்சையால் வரும் வாய்வறட்சிக்கு அதனை ஐக்கிய அமெரிக்கா ஏற்றது 1994 இலாம்.

நரம்பின் ஏவலைப் போன்று நின்று, எஞ்சிய சுரப்பியணுக்களைத் தூண்டுவதே இம்மருந்தின் செயல். மாண்டவற்றை அது மீட்பதில்லை. வியர்வையை மிகுவிப்பதோடு, ஆஸ்துமா நோயாளர்க்குத் தீங்கும் பயக்கலாம்.

தமிழ் மருத்துவமும் நாவறட்சியைப் புறக்கணித்ததன்று. நெல்லிக்காயின் புளிப்பும் துவர்ப்பும் நாவைத் தூண்டி நீரூறச் செய்யும்; அதிமதுரம் வாய்க்கு இதமளிக்கும். ஆயின் கதிரால் புண்பட்ட வாய்க்குப் புளிப்பு எரிச்சலாம். உமிழ்நீரின் காவலிழந்த பல்லையும் அது அரிக்கும். அதிமதுரம் மிகுமாயின் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். வெயிலால் வரும் வறட்சியும் கதிரால் வரும் வறட்சியும் ஒன்றல்ல.

1929 இல் பொரளையில் நிறுவப்பட்ட சுதேச வைத்தியக் கல்லூரியிலே சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் ஒருங்கே பயிற்றப்பட்டன. பழமையைப் போற்றுதல் வேறு, சோதித்தல் வேறு எனினும் இரண்டும் பகையல்ல. காட்டு மக்களின் அறிவு அளவும் சோதனையும் பெற்று உலகமருந்தாயிற்று. புறக்கோட்டை மருந்துச்சரக்குக் கடைகளில் நிறைந்துள்ள மூலிகைகளும் அந்நெறியே செல்லுதல் வேண்டும். அதுகாறும் நோயாளர் தாம் உண்ணும் மூலிகையைத் தம் சிகிச்சையாளருக்கு மறையாது உரைத்தலே தக்கது.